17 சர்வீஸ், ஒரு லேப்டாப்: எதை ஓட்டுவது, எதை விடுவது?

கேள்வி: அக்கா, எனக்கு ஊர் களியக்காவிளை பக்கம். கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் ஒரு கம்பெனியில் பேக்எண்ட் டெவலப்பர். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மீதி வீட்டிலிருந்து வேலை. எங்கள் ப்ராடக்டில் 17 மைக்ரோசர்வீஸ், அதாவது தனித்தனியே ஓடி ஒன்றையொன்று அழைக்கும் சின்ன புரோகிராம்கள் இருக்கின்றன: 14 ஜாவாவில் (ஸ்பிரிங் பூட்), இரண்டு கோ மொழியில், ஒன்று நோடில் (ஜாவாஸ்கிரிப்ட்). என்னிடம் இருப்பது 16 ஜிபி உபுண்டு லேப்டாப். ஆறேழு சர்வீஸ் ஓட்டினாலே படுத்துவிடுகிறது. எந்த சர்வீஸ் எந்தப் போர்ட்டில் (மெஷினில் அது காத்திருக்கும் கதவு எண்ணில்) என்று ஒரு ஷீட் உண்டு, அதை யாரும் திருத்துவதில்லை. போன வாரம் ஆர்டர் சர்வீஸை மட்டும் வீட்டில் ஓட்டி, விபிஎன் வழியாக, டெஸ்டிங்குக்கான பொது சர்வர்களான ஸ்டேஜிங்கில் ஓடும் யுரேக்காவோடு இணைத்தேன். கொஞ்ச நேரத்தில் டெஸ்டிங் டீம், 'பாதி ஆர்டர் போகிறது, பாதி தொங்குகிறது' என்று சத்தம் போட்டார்கள். எங்கள் லீடு சேட்டன், 'சர்வீஸ் டிஸ்கவரி ப்ராக்ஸி ஏதாவது பார், திங்கட்கிழமை சொல்' என்கிறார், அதாவது அழைப்பை நடுவில் வாங்கிச் சரியான சர்வீஸுக்குத் திருப்பிவிடும் புரோகிராம். கன்சல், என்வாய், ட்ரேஃபிக், டெலிபிரசன்ஸ் என்று தேடத் தேட வந்துகொண்டே இருக்கிறது. எதை எடுப்பது? 32 ஜிபி லேப்டாப் தருவதாகவும் பேச்சு இருக்கிறது. அதை வாங்கினால் இந்தத் தலைவலியே இருக்காதோ?

பதில்: தம்பி, முதலில் போன வாரம் என்ன நடந்தது என்பதைப் பார்ப்போம். அது புரிந்தால் எந்தக் கருவி என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

யுரேக்கா ஒரு பெயர்ப் பதிவேடு, அவ்வளவுதான். உங்கள் லேப்டாப்பில் ஆர்டர் சர்வீஸ் எழுந்ததும், 'ஆர்டர் என்றால் நானும்தான், என் முகவரி இது' என்று அதில் எழுதிவிட்டது. ஸ்டேஜிங்கில் ஏற்கெனவே ஒரு ஆர்டர் சர்வீஸ் இருக்கிறது. ஆக, பட்டியலில் இப்போது இரண்டு பேர். அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் ஸ்பிரிங் கிளவுட் லோட் பேலன்சர் வழக்கப்படி ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்பும். ஒரு அழைப்பு ஸ்டேஜிங்குக்குப் போகும், அடுத்தது உங்கள் முகவரிக்கு வரும். அந்த முகவரி பெரும்பாலும் உங்கள் வீட்டு வைஃபை கொடுத்த 192.168 வகை எண்ணாக இருந்திருக்கும். ஸ்டேஜிங் சர்வருக்கு அந்த எண்ணைத் தேடிப் போக வழியே கிடையாது. டைம்அவுட் ஆகும்வரை காத்துக்கிடந்துவிட்டு எரர் அடிக்கும். 'பாதி போகிறது, பாதி தொங்குகிறது' என்றால் இதுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். யுரேக்காவுக்கு ஒவ்வொரு சர்வீஸும் 30 விநாடிக்கு ஒருமுறை 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். 90 விநாடி சத்தம் இல்லையென்றால்தான் பெயரை அடிப்பார்கள். சர்வீஸை முறையாக நிறுத்தினால் அது தானே பெயரை எடுத்துவிட்டுப் போகும். லேப்டாப் மூடியைச் சாத்திவிட்டு எழுந்துபோனாலோ, மழையில் பிராட்பேண்ட் போனாலோ, போன பிறகும் உங்கள் பெயர் பட்டியலில் கிடக்கும். அப்போது பார்த்து யுரேக்கா தன் 'செல்ஃப் ப்ரிசர்வேஷன்' நிலைக்குள் போயிருந்தால், அதாவது எதிர்பார்த்த 'இருக்கிறேன்' துடிப்புகளில் 85 சதவீதத்துக்குக் கீழே வந்து, 'நெட்வொர்க்தான் கோளாறு' என்று அது முடிவு கட்டியிருந்தால், பெயரை அடிக்கவே அடிக்காது. டெஸ்டிங் டீம் அன்று முழுக்க உங்களைத் திட்டியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம்.

எனவே இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. உங்கள் லோக்கல் ப்ரொஃபைலில் (லேப்டாப்பில் ஓட்டும்போது மட்டும் எடுத்துக்கொள்ளும் அமைப்புகளில்) யுரேக்காவில் பதிவு செய்யும் அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள். டீமில் எல்லாருக்கும் அப்படியே வரும்படி கோடோடு சேர்த்துக் கமிட் செய்யுங்கள். ப்ராக்ஸி வந்தாலும் வராவிட்டாலும் இது வேண்டும்.

இப்போது ப்ராக்ஸிக்கு வருவோம். களியக்காவிளையில் உங்கள் போன் ஒரு நாளில் எத்தனை தடவை கேரள டவருக்குத் தாவிவிட்டுத் திரும்புகிறது என்று உங்களுக்கே தெரியும். அம்மா கூப்பிடும்போது நீங்கள் எந்த டவரில் இருக்கிறீர்கள் என்று பார்த்தா கூப்பிடுகிறார்? அதே எண்ணைத்தான் அழுத்துகிறார். எங்கே இருக்கிறீர்கள் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது நெட்வொர்க்கின் பாடு. உங்கள் சர்வீஸ்களுக்கும் இதே ஏற்பாடுதான் வேண்டும். பேமென்ட் சர்வீஸின் கன்ஃபிக்கில் (அமைப்பு ஃபைலில்) 'ஆர்டர்' என்ற பெயர் மட்டும் இருக்க வேண்டும். அது இன்றைக்கு உங்கள் லேப்டாப்பில் 8081-இல் ஓடுகிறதா, ஸ்டேஜிங்கில் ஓடுகிறதா என்பது பேமென்ட்டுக்குத் தெரியவே கூடாது. உங்கள் ஷீட்டை யாரும் திருத்தாததற்கு உங்கள் டீமைக் குறை சொல்ல மாட்டேன். இடத்தைப் பெயராக வைத்துக்கொண்டால் எந்த ஷீட்டும் இரண்டு மாதத்தில் பொய்யாகிவிடும்.

செய்யும் முறை சுலபம். 17 சர்வீஸுக்கும் 'ஆர்டர் டாட் டெஸ்ட்', 'பேமென்ட் டாட் டெஸ்ட்' என்ற மாதிரி பெயர் வையுங்கள். எல்லாப் பெயரும் 127.0.0.1-க்கே, அதாவது உங்கள் லேப்டாப்புக்கே போகட்டும். அங்கே ஒரே ஒரு ப்ராக்ஸி உட்கார்ந்து, அழைப்போடு வரும் ஹோஸ்ட் ஹெடர் என்ற வரியில் உள்ள பெயரைப் பார்த்து, எங்கே அனுப்ப வேண்டுமோ அங்கே அனுப்பும். நீங்கள் திருத்திக்கொண்டிருக்கும் ஒன்றோ இரண்டோ சர்வீஸ் உங்கள் மெஷினில், மீதி 15 ஸ்டேஜிங்கில்.

'டாட் டெஸ்ட்' ஏன் என்றால், அது 1999-லேயே சோதனைக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட பெயர். வெளி உலகில் யாருக்கும் விற்க மாட்டார்கள். 'டாட் டெவ்' வைத்திருந்த டீம்கள் எல்லாம் 2017 கடைசியில் குரோம் 63 வந்தபோது மாட்டிக்கொண்டன. அந்த டொமைன் கூகுளுக்குச் சொந்தம். குரோம் அதைக் கட்டாயமாக எச்டிடிபிஎஸ்-க்கு மாற்றிவிட்டது. 'டாட் லோக்கல்' என்பது பிரிண்டர், டிவி எல்லாம் வீட்டுக்குள் தங்களை அறிவித்துக்கொள்ளும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்-க்கு உரியது. அதோடு மோதினால் பெயர் தேடுவதிலேயே விநாடிகள் போகும்.

பெயரை முகவரியாக மாற்ற டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன டிஎன்எஸ் சர்வரைப் போடச் சொல்லிப் பலர் எழுதியிருப்பார்கள். பெயருக்கு நேராக முகவரி எழுதும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வைல்டுகார்டு ('எல்லா டாட் டெஸ்ட்டும்' என்று ஒரே வரி) போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் உங்களிடம் இருப்பது 17 பெயர். 17 வரி எழுதிவிட்டு மறந்துவிடலாம். உபுண்டுவில் டிஎன்எஸ்-க்கான 53-ஆம் போர்ட்டை சிஸ்டம்டி-ரிசால்வ்டு ஏற்கெனவே பிடித்துவைத்திருக்கிறது. டிஎன்எஸ்மாஸ்க்கை அதோடு ஒத்துப்போக வைப்பதற்கு ஒரு சாயங்காலம் போய்விடும். முன்பு ஹோஸ்ட்ஸ் ஃபைல் தொல்லையாக இருந்ததற்குக் காரணம், இடம் மாறும்போதெல்லாம் அதைத் திருத்த வேண்டியிருந்தது. இனி அது மாறவே போவதில்லை, மாறுவது ப்ராக்ஸியின் கன்ஃபிக் மட்டும். இதில் ஜாவாக்காரர்களுக்குக் கூடுதல் லாபம் உண்டு. ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஜேவிஎம், ஒருமுறை தேடிய பெயரைச் சாதாரணமாக 30 விநாடி நினைவில் வைத்துக்கொள்ளும். ஹோஸ்ட்ஸ் ஃபைலை மாற்றிவிட்டு 'ஏன் இன்னும் பழைய இடத்துக்கே போகிறது' என்று விழிக்கும் வேலை இனி இல்லை.

எந்த ப்ராக்ஸி? எனக்கு இந்த அளவு வேலைக்கு 'கேடி' (Caddy) என்ற ப்ராக்ஸி பிடிக்கும். ஒரு சர்வீஸுக்கு இரண்டு மூன்று வரி, ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ஃபிக்கை ரீலோடு செய்யலாம். எல்லாவற்றையும் டாக்கரில், அதாவது கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டுபவர்களுக்கு ட்ரேஃபிக் வசதி: கன்டெய்னரின் லேபிளைப் பார்த்துத் தானே பாதை போட்டுக்கொள்ளும். ஆனால் அதற்கு டாக்கர் சாக்கெட்டை (டாக்கரைக் கட்டுப்படுத்தும் வாசலை)க் கொடுக்க வேண்டும், அது மெஷினின் ரூட் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். கன்சல் இப்போது வேண்டாம். உங்களிடம் ஏற்கெனவே ஒரு பதிவேடு இருக்கிறது, இரண்டாவது பதிவேடு எதற்கு? என்வாய் 2016-இல் லிஃப்ட் (Lyft) என்ற வாடகைக் கார் நிறுவனம் வெளியே கொடுத்த அருமையான சாதனம். ஆனால் அதன் கன்ஃபிக்கை உங்கள் டீமில் எத்தனை பேர் எழுதுவார்கள்? நீங்கள் லீவு போட்ட அன்று வேறொருவரால் திருத்த முடியாத ப்ராக்ஸியை நான் சொல்ல மாட்டேன்.

ஸ்பிரிங் பக்கம் கோடைத் தொட வேண்டியதில்லை. லோக்கல் ப்ரொஃபைலில் யுரேக்கா கிளையன்டையே அணைத்துவிடுங்கள். ஸ்பிரிங் கிளவுடில் 'சிம்பிள் டிஸ்கவரி கிளையன்ட்' என்று ஒன்று இருக்கிறது. கன்ஃபிக்கில் சர்வீஸ் பெயருக்கு நேராக முகவரி எழுதிக் கொடுத்தால் அதையே பதிவேடாக எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் அந்த டாட் டெஸ்ட் முகவரியை எழுதுங்கள், 17-க்கும் ஒரே ஃபைல், எல்லாருக்கும் அதே ஃபைல். கோவுக்கும் நோடுக்கும் என்விரான்மென்ட் வேரியபிளில் அதே முகவரிகள். லினக்ஸில் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டை எடுக்கத் தனி அனுமதி வேண்டும் என்பதால் ப்ராக்ஸியை 8000-இல் வைத்து, முகவரியிலும் 8000 என்றே எழுதிவிடுங்கள். அழகு குறைவு, தொல்லையும் குறைவு.

'எச்டிடிபி ப்ராக்ஸி வேரியபிளை மட்டும் செட் செய்தால் எல்லா அழைப்பும் தானாக ப்ராக்ஸி வழியே போகுமே' என்று யாராவது திங்கட்கிழமை கேட்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஜாவா அந்த வேரியபிளைப் பார்ப்பதே இல்லை, அதற்குத் தனி சிஸ்டம் ப்ராப்பர்ட்டி உண்டு. கோவின் வழக்கமான கிளையன்ட் அதைப் பார்க்கும், ஆனால் லோக்கல்ஹோஸ்ட்டுக்குப் போகும் அழைப்பை மட்டும் ப்ராக்ஸிக்கு அனுப்பாது. நோடின் ஃபெட்ச் நெடுங்காலமாக அதைக் கண்டுகொண்டதே இல்லை. மூன்று மொழி வைத்திருக்கும் உங்கள் டீமில் அது மூன்று விதமாக நடந்துகொள்ளும்.

நோட் சர்வீஸுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2021-இல் வந்த நோட் 17-லிருந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதினால் ஐபிவி6 முகவரி முதலில் வரக்கூடும். சர்வீஸ் 127.0.0.1-இல் மட்டும் காத்திருந்தால் 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு' வரும். ப்ராக்ஸி கன்ஃபிக்கில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதிப் பழகுங்கள். டாக்கருக்குள் ஓடும் சர்வீஸுக்கு அந்த 127.0.0.1 என்பது அந்தக் கன்டெய்னரேதான், உங்கள் லேப்டாப் அல்ல. டாக்கர் 20.10-லிருந்து கம்போஸ் ஃபைலில் 'ஹோஸ்ட்-கேட்வே' என்று கொடுத்தால் லினக்ஸிலும் வெளியே இருக்கும் மெஷினைப் பிடிக்கலாம். டாட் டெஸ்ட் பெயர்களையும் அதே இடத்தில் அதற்கே காட்டிவிடுங்கள், ப்ராக்ஸியையும் 127.0.0.1-இல் மட்டும் பூட்டி வைக்காதீர்கள். கோ சர்வீஸ்கள் தங்களுக்குள் ஜிஆர்பிசி (எச்டிடிபி-2 மேல் ஓடும் அழைப்பு முறை) பேசினால், ப்ராக்ஸியில் அந்தப் பாதைக்கு டிஎல்எஸ் (மறையாக்கம்) இல்லாத எச்டிடிபி-2 என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

ஸ்டேஜிங்குக்கு அனுப்பும் பாதையில் ஹோஸ்ட் ஹெடரை ஸ்டேஜிங்கின் உண்மையான பெயருக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருக்கும் கேட்வே 'ஆர்டர் டாட் டெஸ்ட்டா, அது யார்?' என்று 404 கொடுத்து அனுப்பிவிடும். விபிஎன் வழியாக ஒவ்வொரு உள் சர்வீஸுக்கும் ஒரு நிலையான முகவரி வேண்டும் என்று இன்ஃப்ரா டீமிடம் இப்போதே கேட்டுவையுங்கள். இந்த வேலையில் அதிக நாள் பிடிப்பது அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது எனக்குப் பிடிவாதமான கருத்து உள்ள இடத்துக்கு வருகிறேன். ப்ராக்ஸி போட்டதும் எல்லாருக்கும் ஓர் ஆசை வரும்: 'லோக்கலில் ஓடினால் லோக்கல், ஓடாவிட்டால் தானாக ஸ்டேஜிங்' என்று வைத்துவிடலாமே என்று. ஹெல்த் செக் (சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை) போட்டு, ஸ்டேஜிங்கை பேக்கப்பாகக் கொடுத்தால் முடிந்தது. ஹெச்ஏப்ராக்ஸி என்ற இன்னொரு ப்ராக்ஸியில் அது ஒரே சொல். டெமோ காட்டினால் கைதட்டுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பக் திருத்துகிறீர்கள், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள், கன்ஃபிக்கில் ஒரு எழுத்துப் பிழையால் அது எழாமல் செத்துப்போகிறது. ப்ராக்ஸி சத்தமில்லாமல் ஸ்டேஜிங்குக்குப் போய்ப் பதில் வாங்கி வருகிறது. 200 ஓகே. நீங்கள் 'சரியாகிவிட்டது' என்று புல் ரிக்வெஸ்ட் போடுகிறீர்கள். உங்கள் கோடு ஒரு வரிகூட ஓடவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. லோக்கலில் எழ 40 விநாடி ஆகும் சர்வீஸ், அந்த 40 விநாடியும் அழைப்புகளை ஸ்டேஜிங் டேட்டாவில் எழுதவைக்கும். எந்த ரெக்கார்டு எங்கே உருவானது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஆகவே மாற்றுவது உங்கள் கையால் நடக்கட்டும். சர்வீஸுக்கு ஒரு சின்ன கன்ஃபிக் ஃபைல், 'ஆர்டர் என்னிடம்', 'ஆர்டர் ஸ்டேஜிங்கில்' என்று மாற்றும் நாலு வரி ஷெல் ஸ்கிரிப்ட் போதும். 'என்னிடம்' என்று சொன்ன பிறகு சர்வீஸ் ஓடவில்லையென்றால் 502 எரர் வரட்டும், அது நல்லதுதான். கூடவே, ப்ராக்ஸியைத் தாண்டி வரும் ஒவ்வொரு பதிலிலும் 'லோக்கல்' அல்லது 'ஸ்டேஜிங்' என்று ஒரு ரெஸ்பான்ஸ் ஹெடரைச் சேர்த்துவிடுங்கள். டெவ்டூல்ஸைத் திறந்தால் யார் பதில் சொன்னது என்று தெரிந்துவிடும். முழு அமைப்பிலும் அதிகம் உதவப்போவது இந்த ஒரு வரிதான்.

அப்புறம், ப்ராக்ஸி தொடாத ஒரு கதவு இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் ஆர்டர் சர்வீஸ் என்றால் காஃப்கா அல்லது ரேபிட்எம்க்யூ மாதிரி மெசேஜ் க்யூ இல்லாமல் இருக்காது. ப்ராக்ஸி கேள்வி-பதில் அழைப்புகளைத்தான் பார்க்கும். க்யூவில் வரும் மெசேஜை அது பார்ப்பதில்லை. லேப்டாப்பில் ஓடும் ஆர்டர் சர்வீஸ் ஸ்டேஜிங் காஃப்காவோடு அதே கன்ஸ்யூமர் குரூப் (மெசேஜ்களைப் பங்கிட்டு வாங்கும் குழு) பெயரில் இணைந்தால், பார்ட்டிஷன்களில், அதாவது மெசேஜ் வரிசைகளில், ஒரு பங்கு உங்களுக்கு வந்துவிடும். டெஸ்டிங் டீம் போட்ட ஆர்டர் உங்கள் பிரேக்பாயின்ட்டில் வந்து நிற்கும். ரேபிட்டிலும் ஒரே க்யூவை இருவர் கேட்டால் மெசேஜ்கள் பங்கு பிரியும். குரூப் பெயரின் கடைசியில் உங்கள் யூசர் பெயரை ஒட்டிவிடுங்கள், அல்லது கன்டெய்னரில் சொந்த காஃப்கா ஓட்டுங்கள். இரவு 12 மணிக்கு ஓடும் ஷெட்யூல்டு ஜாப்கள் ஏதாவது இருந்தால் லோக்கல் ப்ரொஃபைலில் அணைத்துவிடுங்கள். ஸ்டேஜிங் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டு லேப்டாப்பிலிருந்து இரண்டாவது முறை இன்வாய்ஸ் மெயில் அனுப்புவது அவைதான். போன வாரக் கூத்தில் பாதி யுரேக்காவால் என்றால், மீதி இங்கிருந்து வந்ததா என்று லாக்கைப் பாருங்கள்.

ஃப்ரண்ட்எண்ட் டீமுக்கும் இதில் ஒரு சௌகரியம் உண்டு. ப்ரௌசர் சேமித்துவைக்கும் குக்கி போர்ட்டைப் பார்த்துப் பிரிவதில்லை. லோக்கல்ஹோஸ்ட் 3000-இல் வைத்த குக்கி 8080-க்கும் போகும். இரண்டு ஆப் ஒரே பெயரில் செஷன் குக்கி வைத்தால் ஒன்றை ஒன்று வெளியே தள்ளும். தனித்தனிப் பெயர் வந்ததும் அது போய்விடும். பதிலுக்கு ஒரு சிக்கல் வரும்: லோக்கல்ஹோஸ்ட்டை ப்ரௌசர் பாதுகாப்பான இடமாகக் கருதும், சாதாரண எச்டிடிபியில் வரும் டாட் டெஸ்ட் பெயரை அப்படிக் கருதாது. பாதுகாப்பான இடத்தில் மட்டும் ஓடும் சர்வீஸ் வொர்க்கர், செக்யூர் குக்கி எல்லாம் அடம்பிடிக்கும். ப்ரௌசர் தொடும் அந்த ஒரு முகப்பை மட்டும் 'ஆப் டாட் லோக்கல்ஹோஸ்ட்' என்று வைத்துவிடுங்கள். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைத் தாங்களே லேப்டாப்புக்குத் திருப்பிவிடும்.

வீட்டு நெட்டைப் பற்றி. சர்வீஸ்கள் ஸ்டேஜிங்கில் இருந்தால் ஒவ்வொரு அழைப்பும் விபிஎன் தாண்டிப் போய்வர வேண்டும். ஒரு நடைக்கு 50 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றன்பின் ஒன்றாக ஆறு அழைப்பு என்றால் 300 ஆகிவிடும். லோக்கலில் மெதுவாக இருக்கிறது என்று கோடைச் சந்தேகிக்காதீர்கள், டைம்அவுட் மதிப்புகளை ஸ்டேஜிங்குக்கு ஏற்றபடி வைத்திருந்தால் லோக்கல் ப்ரொஃபைலில் கொஞ்சம் தளர்த்துங்கள். குமரி மாவட்டத்துக்குத்தான் இரண்டு பருவமழையும் உண்டே, ஜூனில் ஒருமுறை, அக்டோபரில் ஒருமுறை கேபிள் அறுந்து நெட் போவதை யாரும் தடுக்க முடியாது. அதற்காக ஸ்கிரிப்ட்டில் மூன்றாவது திசை ஒன்று வைத்துக்கொள்ளலாம்: பதில்களைப் பதிவு செய்து திரும்பக் கொடுக்கும் வயர்மாக். நெட் நன்றாக இருக்கும் நாளில் அதை நடுவில் நிறுத்தி ஸ்டேஜிங்கின் பதில்களைப் பதிவு செய்துவையுங்கள். நெட் போன அன்று 'பேமென்ட் பதிவிலிருந்து' என்று திருப்பிவிட்டால் ஆர்டர் சர்வீஸில் வேலை நடக்கும். பதிவு பழசாகும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

டெலிபிரசன்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் சொன்ன ஏற்பாட்டில் லேப்டாப்பிலிருந்து ஸ்டேஜிங்குக்கு அழைப்பு போகும், அங்கிருந்து இங்கே வராது. ஸ்டேஜிங்கில் நடக்கும் ஒரு அழைப்பை உங்கள் லேப்டாப்பிலேயே பிடித்துப் பார்க்க வேண்டும் என்றால்தான் டெலிபிரசன்ஸ், மிரர்டு மாதிரியானவை தேவை. அவை குபர்னெடிஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) கிளஸ்டருக்காகச் செய்யப்பட்டவை. உங்கள் ஸ்டேஜிங் குபர்னெடிஸ் இல்லையென்றால் அந்தப் பேச்சே இல்லை. குபர்னெடிஸ்தான் என்றாலும், குறிப்பிட்ட ஹெடர் இருக்கும் அழைப்பு மட்டும் உங்களிடம் வரும்படி வைக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். எல்லா அழைப்பையும் இழுத்தால் போன வாரக் கதைதான்.

திங்கட்கிழமை சேட்டனிடம் 17-க்கும் திட்டம் காட்ட வேண்டாம். ஆர்டர், பேமென்ட் இரண்டை மட்டும் ப்ராக்ஸிக்குப் பின்னால் வைத்து, அந்த ரெஸ்பான்ஸ் ஹெடர் லோக்கலிலிருந்து ஸ்டேஜிங்குக்கு மாறுவதைக் காட்டுங்கள். மீதி 15-ஐ அவரவர் தொடும்போது சேர்த்துக்கொள்ளட்டும்.

32 ஜிபி லேப்டாப் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஐடிஇயும் குரோமும் சந்தோஷப்படும். ஆனால் ஜேவிஎம்முக்கு நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், மெஷினின் மெமரியில் கால் பங்கு வரை ஹீப்புக்கு (புரோகிராமின் டேட்டா இருக்கும் இடத்துக்கு) எடுத்துக்கொள்ளலாம் என்று அது நினைத்துக்கொள்ளும். 16 ஜிபியில் ஒரு சர்வீஸுக்கு 4 ஜிபி வரை, 32-இல் 8 ஜிபி வரை. 14 ஸ்பிரிங் பூட் சர்வீஸுக்கும் அந்த உரிமை உண்டு. புது லேப்டாப் வரும்வரை காத்திருக்காமல், நீங்கள் ஓட்டும் சர்வீஸுக்கு ஹீப் உச்சவரம்பை 512 எம்பி என்று வைத்து இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.